மணிக்கு ஒன்பது கடுஞ்சொல்

“மூணு நாளா அதே சட்டை. உன் மேல அடிக்கிற நாத்தத்துல பக்கத்து வீட்டு நாயே குடிமாறிப் போயிடுச்சு. எழுந்து போய்க் குளிடா, மடையா.”

இது செவ்வாய்க்கிழமை நான் என் தம்பி எலிசேயோவிடம் சொன்னது. வெள்ளிக்கிழமை டாக்டர் ஹாலரன் இதைத் தீர்ப்பு வாசிக்கிற குரலில் எங்களுக்கே படித்துக் காட்டினார். எங்கள் சாப்பாட்டு மேசையில் அவருடைய ஆட்கள் வைத்துவிட்டுப் போன ஒலிப்பதிவுக் கருவி ஒரு சொல்லையும் சிந்தவில்லை.

“இதுல மட்டும் நாலு கடுஞ்சொல் இருக்கு, மிக்டாலியா அம்மா.”

“அவன் குளிச்சானா இல்லையா? அதைக் கேளுங்க.”

“குளிச்சார். ஆனா குளிக்கிறது இந்தப் படிவத்துல வராது.”

எலிசேயோவுக்கு இருபது வருஷமாக மனச்சிதைவு நோய். முடிவெட்டுவதில் கெட்டிக்காரன், எங்கள் ஊர் ஹயலியாவில் பாதித் தலைகள் அவன் கை பட்டவை. இப்போது மாத்திரையால் கை நடுங்குகிறது. நடுங்குகிற கத்திக்கு யார் கழுத்தை நீட்டுவார்கள்? வீட்டில் அமைதி நிலவுகிறதென்று நாங்கள் நிரூபித்தால் மாத்திரையைக் குறைப்பார்கள், கடையில் அவன் நாற்காலி அவனுக்குத் திரும்பக் கிடைக்கும் என்று ஏற்பாடு. திட்டு விழுகிற வீட்டில் நோய் திரும்பி வருமென்று ஆராய்ச்சி சொல்கிறதாம். ஆராய்ச்சியோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. வீட்டில் கறுப்பு பீன்ஸ் ஊறிக்கொண்டிருந்தது.

இடத்தின் பெயர் பண்பாட்டு நுண்ணுணர்வுக் குடும்ப சிகிச்சைப் பிரிவு. எங்களைப் போல வந்து குடியேறிய கியூபர்களைப் பற்றி டாக்டர் இரண்டு நாள் பயிற்சி முடித்திருந்தார். நாங்கள் கூச்சப்படக் கூடாதென்று சுவரில் கியூபா விவசாயிகள் போடுகிற பனையோலைத் தொப்பி ஒன்றை மாட்டியிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் என் கணவர் ரிகோவுக்குக் கூச்சமே வந்தது.

“பொதுவா ஒரு ஆளுக்கு மணிக்கு ஆறு கடுஞ்சொல்தான் அனுமதி,” என்றார் டாக்டர். “உங்க பண்பாட்டை மதிச்சு ஒன்பதா உயர்த்தியிருக்கோம்.”

“நான் எத்தனை?”

“நாப்பத்தி மூணு.”

“காபி குடிக்கிற நேரத்தையும் சேர்த்தா?”

“காபி குடிக்கிற நேரத்துல மட்டும்.”

“ரிகோ வாயே திறக்க மாட்டார். அவர் பங்கையும் என் பேர்ல எழுதிடுங்களேன்.”

“ஒதுக்கீட்டைக் கைமாத்த விதியில இடமில்லை.”

பதினோரு வருஷம் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். நாக்கைக் கட்டிப்போட எனக்குத் தெரியும். அன்றுமுதல் வீட்டில் மரியாதை பெருக்கெடுத்தது. “தம்பி, உன் ஈரத்துண்டு என் கட்டிலில் கிடப்பதை நான் கவனிக்கிறேன்,” என்பேன், டாக்டர் கொடுத்த கையேட்டில் உள்ளபடி. ரிகோ ஒருநாள், “காபி மிகவும் நன்றாக இருக்கிறது,” என்றார். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தடவை. நான் அவர் கோப்பையை வாங்கி முகர்ந்து பார்த்தேன்.

பத்தாம் நாள் எலிசேயோ சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, அக்கா எங்க?”

“இதோ நிக்கறாளே,” என்றார் ரிகோ.

“இது அக்கா மாதிரி இருக்கு, அவ்வளவுதான். வேணும்னே துண்டைக் கட்டில்ல போட்டுப் பார்த்தேன். நன்றி சொல்லுது.”

அடுத்த வெள்ளிக்கிழமை அதையே டாக்டரிடமும் சொன்னான். மூஞ்சி அக்காவுடையதுதான், உள்ளே வேறு ஆள் என்றான். டாக்டரின் பேனா ஓடிய வேகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

“ஆள்மாறாட்டப் பிரமை,” என்றார். “பாடப்புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கு.”

“டாக்டர், அவன் சொல்றது சரி. நான் ஆள் மாறித்தான் இருக்கேன். மாத்தினது நீங்க.”

டாக்டர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். நோயாளியின் பிரமை குடும்பத்தாருக்கும் தொற்றுவதுண்டு என்று சொல்லி, என் பெயரில் புதிதாக ஒரு கோப்பைத் திறந்தார்.

“அவங்களை ஒண்ணும் செய்யாதீங்க டாக்டர்,” என்றான் எலிசேயோ. “யாரா இருந்தாலும் நல்லாத்தான் சமைக்கிறாங்க.”

மாத்திரை இரண்டிலிருந்து மூன்றானது. அதே கையோடு டாக்டர் எழுந்து எங்களுக்கு வாழ்த்துச் சொன்னார். எங்கள் கடுஞ்சொல் கணக்கு பூஜ்யம். அந்தப் பிரிவு தொடங்கியதிலிருந்து யாரும் எட்டாத எண். எங்களை முன்மாதிரிக் குடும்பமாக அறிவித்து, கையேட்டின் அட்டைக்குப் படம் எடுத்தார்கள். ரிகோவைத் தொப்பி போடச் சொன்னார்கள், போட்டார். என்னைச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். சான்றிதழில் என் பெயரை அழகாக எழுதியிருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன்?

ஒரே ஒரு நிபந்தனை. இன்னும் ஆறு வாரம் கண்காணிப்பு. பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றால் மாத்திரையைக் குறைப்பது பரிசீலிக்கப்படும். ஒரு கடுஞ்சொல் விழுந்தாலும் எல்லாம் முதலிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. எலிசேயோ கரண்டியைத் தூக்கினான். மூன்று மாத்திரை நடுக்கம். வாய்க்குப் போய்ச் சேர்ந்தது பாதி பீன்ஸ், மீதி என் வெள்ளை மேசைவிரிப்பில். பல்வரைக்கும் வந்த சொல்லை நான் விழுங்கினேன்.

“கொஞ்சம் சிந்தியிருப்பதை நான் கவனிக்கிறேன்,” என்றேன்.

“சோறு மிகவும் நன்றாக இருக்கிறது,” என்றார் ரிகோ, தட்டைப் பார்த்தபடி.

எலிசேயோ கரண்டியை வைத்தான். சிவப்பு விளக்கின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினான். கை நடுங்கியதில் கருவி மேசையில் கடகடத்தது. அந்நியரிடம் பேசுகிற மரியாதையோடு என் முகத்துக்கு நேரே குனிந்தான்.

“அக்கா உள்ள இருந்தா, என்னை ஒரே ஒரு தடவை திட்டச் சொல்றீங்களா?”