ஏத்தன் குலை ஏலம் குறித்து, ஜெர்மனியிலிருந்து

கர்த்தருக்குள் பிரியமான மச்சினன் ராஜையனுக்கு, அத்தான் ரசலையன் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் அக்காள் தங்கபாயும், மகள் அஜிஷாவும் மருமகன் லிஜினும் இவ்விடம் சுகம். என் வலது கால் மட்டும் சுகமில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். அங்கே நீயும் பிள்ளைகளும், உன்னிடம் விட்டுவந்த கோழிகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இந்தக் காலத்தில் ஏன் தபால் என்று நீ கேட்பாய். வாட்சப்பில் போட்டால் குடும்பக் குரூப்பில் உன் அக்காள் பார்ப்பாள். போனில் கேட்டால், "ரேஞ்சு இல்ல அத்தான்" என்று நீ வைத்துவிடுவாய். எனக்கு எழுத்தில் பதில் வேண்டும், கீழே உன் கையெழுத்தோடு. விஷயம், 2003-ஆம் வருஷம் நம் சபையில் நடந்த அறுப்பின் பண்டிகை ஏலம்.

முதலில் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வழக்குக்காகத்தான் எழுதினேன் என்று நினைப்பாய். லிஜின் பெல்ஜியத்தில் தன் கம்பெனிக்குப் பதினைந்து நாள் லீவு சொல்லி, "மாமா, பழைய ஊரு, பழைய ஆளு எல்லாரையும் பாத்துட்டு வருவோம்" என்று காரைக் கிளப்பினார். இந்த நாடுகளில் ஸ்டியரிங் இடது பக்கம். மூத்தவன் என்று என்னை முன்சீட்டில் வலது பக்கம் உட்கார வைத்தார்கள். அது நான் முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டின பக்கம் அல்லவா? கையில் ஸ்டியரிங் இல்லை, காலில் பிரேக் இல்லை, வண்டி மட்டும் நூற்றிமுப்பதில் போகிறது. முன்னால் ஒரு லாரியைக் கண்டால் போதும், என் வலது கால் தானாகவே மிதிக்கும். மூன்றாம் நாள் கணுக்கால் வீங்கிவிட்டது, கீழே கிடந்த கால்மிதியிலும் ஓட்டை விழுந்தது. "மாமா, நீங்க மிதிச்சா நிக்காது, நான் மிதிச்சாத்தான் நிக்கும்" என்கிறார். எனக்குப் பயமே அதுதானே!

முதலில் உன் அக்காளோடு நர்சிங் படித்த கடியப்பட்டணம் சகாயசெல்வி இப்போது இருக்கும் பெல்ஜியம் வீட்டுக்குப் போனோம். எழுநூறு வருஷப் பழைய ஊராம். தெரு அதைவிடப் பழசு, கோட்டாறு கடைத்தெருவில் பண்டிகைக்கு முந்தின நாள்கூட இதைவிட வழி கிடைக்கும். வண்டி ஒரு வளைவில் மாட்டிக்கொண்டது. நான் இறங்கிப் பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும்" என்று சொல்லி, போதும் என்பதற்கு வண்டியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் போ. இது குழித்துறையில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று கடலை விற்கிறவனுக்கும் தெரியும், லிஜினுக்குத் தெரியவில்லை. யாரோ ஒரு வயதான அம்மாளின் பூந்தொட்டி இரண்டு நொறுங்கியது. அந்த அம்மாள் அவள் பாஷையில் ஏச, நான் நம் பாஷையில் ஏச, சகாயசெல்வி நடுவில் நின்று இரண்டு பேருக்கும் வேறு எதையோ மொழிபெயர்த்து, கடைசியில் அந்த அம்மாள் எனக்குக் காப்பி தந்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எண்ணிக்கை என்றால் எண்ணிக்கைதான். இரண்டு ஒருநாளும் மூன்றாகாது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

அடுத்து ஜெர்மனி. "அப்பா, மதிலு கட்டின ஒரு பழைய ஊரு காட்டுறேன்" என்று அஜிஷா கூட்டிக்கொண்டு போனாள். ஊரின் பெயரை எழுதினால் பாதித் தாள் போய்விடும். மதிலைப் பார்த்தேன், கோபுரத்தைப் பார்த்தேன், ஒரு வீட்டு வாசலில் மணியை அடித்தாள், கதவைத் திறந்தவன் எபிசன்! இருபத்திரண்டு வருஷம் நான் ஒரு வார்த்தை மிண்டாத எபிசன். பின்னால் அவன் மனைவி எலிசா சிரித்துக்கொண்டு நிற்கிறாள். உன் அக்காளும் சிரிக்கிறாள். அப்போதுதான் எல்லாரும் கூட்டு என்று புரிந்தது. காரில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்றால், மீன்கறி வாசம் வந்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தோம். "எலிசா, அந்த ஆளுக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு" என்றான். "ஏட்டி தங்கபாய், போதும்னு சொல்லு" என்றேன். இப்படியே இரண்டு நாள் போயிற்று.

உனக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் ஞாபகத்துக்காக எழுதுகிறேன். அது நான் புதிதாக வாங்கின விளையில் வெட்டின முதல் ஏத்தன் வாழைக்குலை. முதற்பலன் ஆலயத்துக்கு என்று நானே தோளில் சுமந்து கொண்டுவந்து வைத்தேன். வைத்தவனே தன் குலையை ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் நம் சபையில் மரியாதை. எபிசன் எதிரே நின்று விலையை ஏற்றினான். ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன், அடுத்த மாதம் ஜெர்மனிக்குப் போகப் போகிறவன், அவனுக்கு எதற்கு என் குலை? நானும் ஏற்றினேன். அவன் மறுபடியும் ஏற்றினான். இன்னும் ஏற்றட்டுமா என்று தங்கபாயிடம் கேட்க ஒரு நொடி திரும்பினேன். அந்த நேரம் பார்த்து, ஏலம் விளித்துக்கொண்டிருந்த நீ, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று விளித்து மேசையில் தட்டி, குலையை அவனுக்கு முடித்துவிட்டாய். மூன்றாம் தரம் எங்கே? உன்னிடம் கேட்டால், "எனக்கு ஓர்மை இல்ல அத்தான்" என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறாய். அவன் அப்பா அடக்கத்துக்கு நான் போனேன், அவனோடு மிண்டவில்லை. அஜிஷா கல்யாணத்துக்கு அவன் வாழ்த்து அனுப்பினான், நான் பதில் போடவில்லை. அதற்கெல்லாம் பிறகு எனக்கு வருத்தம் இருந்தது, உன்னிடம் சொல்வதற்கென்ன.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆராதனைக்குப் போனோம். பார்த்தால், இங்கேயும் அறுப்பின் பண்டிகை! பலிபீடத்துக்கு முன்னால் ஆப்பிள், முட்டைக்கோஸ், கோதுமைக் கதிர், வண்டிச் சக்கரம் போல ஒரு ரொட்டி, நடுவில் ஒரு பூசணிக்காய். கோழி மட்டும்தான் இல்லை. போதகர் ஒரு அம்மா. ஆசீர்வாதம் சொல்லி முடித்தாள், பிறகும் ஏலம் விளிக்க ஒருவரும் எழும்பவில்லை. வெட்கப்படுகிறார்கள் போல, நாமே தொடங்கி வைப்போம் என்று நான் எழுந்து பூசணிக்காயைக் காட்டி, "ஃபிஃப்டி யூரோ!" என்றேன். ஆலயம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. லிஜின் குனிந்து செருப்பைத் தேடினார். "அப்பா, இருங்கப்பா, இங்க ஏலம் ஒண்ணும் கெடயாது" என்று அஜிஷா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏலம் கிடையாது என்று எபிசனுக்கும் தெரியும், இருபத்திரண்டு வருஷமாக அதே பெஞ்சில் உட்காருகிறவன். ஆனால் என் குரலைக் கேட்டதும் அவனால் இருக்க முடியவில்லை. எழும்பி நின்று, "அறுபது!" என்றான், தமிழில். விடுவேனா நான்?

எங்கே போய் நின்றது என்று எழுதவில்லை, உன் அக்காளுக்குத் தெரிந்தால் போதும். எலிசா ஓடிப்போய் போதகரம்மாளுக்கு விளக்கம் சொன்னாள். அங்கே வைக்கிற பொருளெல்லாம் ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் இடத்துக்குப் போகுமாம். அந்த அம்மா கண்கலங்கி, எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்து, "டாங்கே, டாங்கே" என்று சொல்லி, பூசணிக்காயைத் தூக்கி எபிசன் கையில் கொடுத்துவிட்டாள். வாசலுக்கு வந்ததும் நான் அவனை மறித்தேன்.

"மூணாந்தரம் சொன்னாளா?"

"லேய் ரசலு, அவ நன்றியாக்கும் சொன்னா!"

"ராஜையன் சொன்னானா?"

"மூணு தரம் விளிச்சான். எனக்க ரெண்டு காதாலயும் கேட்டேன்."

ரசலு என்று என்னைக் கூப்பிட்டு இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. ஆனாலும், "ரெண்டு" என்றேன். அவன் "மூணு" என்றான். மறுநாள் காலையில் மடியில் பூசணிக்காயோடு எங்கள் காரில் ஏறிவிட்டான். அதற்குப் பிறகு நான்கு நாளில் நான்கு ஊர் பார்த்தோம், அதாவது மற்றவர்கள் பார்த்தார்கள். "அங்க பாருங்க அப்பா, ஐந்நூறு வருஷத்துப் பாலம்" என்பாள் அஜிஷா. பாலம் போகும், நாங்கள் 2003-இல் நிற்போம். ஒரு நல்லது, அந்த நான்கு நாளும் என் கால் பிரேக்கைத் தேடவில்லை.

ஆகையால் ராஜையா, இப்போது மறுபடியும் எபிசன் வீட்டுக்கு வந்து, சாப்பாடு முடிந்து எல்லாரும் படுத்திருக்கும்போது இதை எழுதுகிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. "2003 அறுப்பின் பண்டிகையில் ஏத்தன் குலைக்கு நான் இரண்டு தரம் மட்டுமே விளித்தேன்" என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு அனுப்பு. அது என் கைக்கு வந்துவிட்டால் வழக்கு முடிந்தது. பிறகு எனக்கு அவனோடு பேச ஒன்றும் இல்லை, இவ்வளவு தூரம் மறுபடி வரவும் வேண்டாம். இங்கே பசை கிடைக்கவில்லை, மத்தியானச் சோற்றை வைத்தே கவரை ஒட்டுகிறேன். ஸ்டாம்பு எபிசனிடம் இருக்கிறது, அவனே தபாலில் போடுவான்.

கோழிகளுக்கு வேளாவேளைக்குத் தண்ணீர் வை. சபையார் அனைவருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளைகளையும் ஆசீர்வதித்து, உனக்கு நல்ல ஞாபகசக்தி தருவாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்
ரசலையன்

பின்குறிப்பு: மக்கா ராஜையா, கையெழுத்து மாறியிருக்கேன்னு பாக்காத, நான் எபிசன். இவன் பாசுமதிச் சோத்த வச்சு கவர ஒட்டியிருக்கான். பாசுமதி ஒட்டுமா? எனக்க மேசையில வாயத் தொறந்துட்டு கெடந்துது, படிச்சிட்டேன். நீ ரெண்டு தரம்தான் விளிச்ச. அது எனக்கு அன்னைக்கே தெரியும். போறதுக்கு முன்ன அந்தக் குலைய அவனுக்க வீட்டுலயே கொண்டு வச்சு ஆளச் சிரிக்க வைக்கலாம்னுதான் எடுத்தேன். அதுக்குள்ள, இனி உனக்க மூஞ்சில முழிக்க மாட்டேன்னு போயிட்டான், எனக்கும் விட்டுக்குடுக்காத வாசி ஏறிப்போச்சு. இப்ப அஞ்சாறு நாளா காலைல எழும்பினதும் நான் மூணும்பேன், அவன் ரெண்டும்பான், சாயா ஆறிப்போவும். இந்த ஊருல எனக்கிட்ட இப்படி வழக்கு பேச யாரு மக்கா இருக்கா? அதனால அவன் கேட்டத எழுதாண்டாம். மூணு தரம் விளிச்சேன்னு எழுதி, நல்லா அழுத்தி ஒரு கையெழுத்து போட்டு அனுப்பு. அவன் நம்பமாட்டான். அடுத்த வருஷமும் வருவான்.