நார்க்கழிவு மலையும் என்சைம் அக்காவும்

யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்கிற கொங்கு மண்ணில், "உங்களால ஒரு மரத்தைச் செரிக்க முடியுமாங்க?" என்று கேட்ட ஒரே பிறவி எங்கள் என்சைம் அக்காதான்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால், ஆனைமலைக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய் நார் ஆலையில் ஏற்றுமதிக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். மட்டையிலிருந்து நாரை எடுத்த பிறகு மிஞ்சும் தூளைக் கட்டியாக அழுத்தி, செடி வளர்க்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்புவோம். அந்தத் தூளில் ஈரமும் உப்பும் எவ்வளவு என்று பார்ப்பது அக்காவின் வேலை. அதை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார். மீதி நேரம் முழுக்க எங்களுக்குக் காளான் வகுப்பு. கட்டணம் கிடையாது, தப்பிக்க வழியும் கிடையாது.

அவரைப் பொறுத்தவரை உலக வரலாறு ரெண்டே பாகம். லிக்னினை உடைக்கக் காளான் கற்றுக்கொள்வதற்கு முன், கற்றுக்கொண்ட பின். மரத்தை விறைப்பாக நிறுத்தி வைக்கும் பசைதான் லிக்னின்; லேசில் எந்த உயிராலும் அதைச் செரிக்க முடியாது. காளானின் முன்னோர்களிடம் வேறு வேலைக்கு இருந்த ஒரு நொதி, அவர் பாஷையில் என்சைம், கோடிக்கணக்கான வருஷங்களில் நகல் நகலாகப் பெருகி, கொஞ்சம் கொஞ்சமாக உருமாறி, அந்தப் பசையையே உடைக்கத் தொடங்கிவிட்டதாம். சோழர்கள் எப்போது ஆண்டார்கள் என்று அவரிடம் கேட்டால், "இப்பத்தானுங்க, சமீபத்துல" என்பார்.

ஒரு கல்யாணப் பந்தியில் காளான் பிரியாணி போட்டார்கள். நாம் தின்பது காளானின் கனி மாதிரிதான், உண்மையான ஆள் நூல் நூலாக மரத்துக்குள் இருந்து அதை அழுக வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அக்கா விளக்கினார். அந்த மண்டபத்தில் அவ்வளவு சீக்கிரம் காலியான பந்தி அதற்கு முன் இருந்ததில்லை.

எங்கள் மேலாளர், முதலாளியின் மச்சினன். காலையில் வந்து ஏசியைப் போடுவார், மாலையில் அணைப்பார். இரண்டுக்கும் நடுவே களைத்துப் போயிருப்பார். ஒருநாள் அவர் கிண்டலாக, எல்லாக் காளானும் மரத்தைத் தின்னுமா என்று கேட்டுவிட்டார். அக்கா சீரியஸாகப் பதில் சொன்னார்.

"இல்லீங்க சார். சில வம்சம் உசுரோட இருக்கற மரத்து வேர்கூடச் சம்பந்தம் வெச்சுக்கிச்சுங்க. உக்காந்த எடத்துக்குச் சர்க்கரை வந்துருது. அப்பறம் என்னத்துக்கு ஒழைக்கோணும்? அந்த என்சைமையெல்லாம் தொலைச்சுப்போட்டுதுங்க."

நாங்கள் எல்லோரும் அவசரமாகக் கோப்புகளுக்குள் தலையை விட்டுக்கொண்டோம். அக்கா அவரை மனதில் வைத்துச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மோசமாகப் போயிற்று. மேலாளர் அன்றிலிருந்து ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தார். அவர் உழைத்துச் செய்த முதல் காரியம் அது.

சந்தர்ப்பம் மழையோடு வந்தது. ஆலைக்குப் பின்னால் விலைபோகாத பழைய தூள், மலைபோல் குவிந்து கிடந்தது. அதில் ஊறிய பழுப்புத் தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக் கவுண்டர் கிணற்றில் இறங்கிவிட்டது. அவர் அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து முதலாளி மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க, ஒரு வாய் குடிச்சுப்போட்டு, எப்புடி இருக்குதுன்னு சொல்லுங்க."

கொங்கு நாட்டில் சண்டை இப்படித்தான் மரியாதையாக ஆரம்பிக்கும். அவர் அதிகாரிகளிடமும் புகார் கொடுத்திருந்தார். ஆறு மாசத்துக்குள் குவியலை எடுக்காவிட்டால் ஆலைக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டார்கள். கொளுத்திவிடலாம் என்றார் மேலாளர். அக்கா குறுக்கே வந்து, இந்தத் தூள் மக்காமல் கிடப்பதும் அதே லிக்னினால்தான், அந்த ஆறு மாசத்தை எனக்குக் கொடுங்கள், காளானை வைத்துத் தின்ன வைக்கிறேன் என்றார். தோற்றால்? தோற்றால் ராஜினாமா. அதை முன்கூட்டியே எழுதி வாங்கிவிட வேண்டும் என்று மேலாளர் பிடிவாதம் பிடித்தார். தேதி போடாத அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்த பெருமை எனக்கு.

முதல் வேலையாக, கசியும் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாமல் குவியலைச் சுற்றி வாய்க்கால் வெட்ட வைத்தார். பிறகு ஒரு அடுக்கு தூள், அதன்மேல் சிப்பிக் காளான் வித்து, கொஞ்சம் யூரியா, மறுபடி தூள். மூன்றாம் வாரம் எல்லாம் பச்சைப் பூஞ்சை பிடித்துச் செத்தது. கோடி வருஷ அனுபவம் மூன்று வாரத்தில் தோற்றதே என்று மேலாளர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் டீயோடு அக்காவைத் தேடிப் போனேன். தார்ப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தார். டீயை வாங்கிக் குடித்தார். பிறகு எழுந்து செத்த அடுக்கையெல்லாம் தன் கையாலேயே வாரி அப்புறப்படுத்தினார். புது வித்து வாங்கிவந்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இந்த முறை பிடித்துக்கொண்டது. தூளுக்குள் வெள்ளை நூல் ஓடியது. பழுப்பு கறுப்பாயிற்று. மதிலுக்கு மேலே தெரிந்த குவியல் மாதா மாதம் அமுங்கி, ஐந்தாம் மாதம் மதிலுக்குக் கீழே போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் தெளிய ஆரம்பித்திருக்கிறது என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, தன் தென்னைக்கு ரெண்டு டிராக்டர் எரு கிடைக்குமா என்று கேட்டார்.

முதலாளி கடிதத்தைக் கேட்டார். மேலாளர் ஒரு சுருக்கம் விழாமல் எடுத்து நீட்டினார். அந்த ஆபீசில் அவர் ஒழுங்காகப் பாதுகாத்த ஒரே காகிதம் அதுதான். முதலாளி அதைக் கிழித்துப் போட்டார். அடுத்த வாரமே வந்தவர்களிடமெல்லாம் இது தன் யோசனை என்றும் சொன்னார். அக்கா அதை மட்டும் திருத்தினார்.

"நம்ம யோசனை இல்லீங்க சார். காளானோடது."

பிறகு எனக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆகி, கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அக்கா ரெண்டு இளநீரோடு வந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, சில காளான்கள் ஏன் மரத்தின் பசையை விட்டுவிட்டு மற்றதை மட்டும் தின்கின்றன என்று ரெண்டு மணி நேரம் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் எங்கேயோ வலி மட்டும் காணாமல் போயிருந்தது.

"பேசாம படுத்திரு கண்ணு" என்று போர்வையை இழுத்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் பார்வையாளர் நேரம் எத்தனை மணிக்கு என்று நர்ஸை மூன்று தரம் கேட்டுத் தொந்தரவு செய்தவன் நான்தான்.