ஏலத்தோட்டத்தில் பிடிபட்ட கட்டிங் வாத்தியார்

போடிநாயக்கனூரில் அவர் அளவுக்குப் பத்திரிகை படித்தவரும் கிடையாது, பத்திரிகையைத் திட்டியவரும் கிடையாது. ஆசிரியர்களைப் பற்றி எந்த மூலையில் செய்தி வந்தாலும் கத்தரித்து நோட்டில் ஒட்டிவிடுவார். அதனால் கட்டிங் வாத்தியார். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

மலைச்சரிவில் இருந்த எங்கள் பள்ளிக்கு அவரும் நானும்தான் ஆசிரியர்கள். காலையில் தோட்டத்து ஜீப் வரும்வரை டீக்கடையில் நிற்போம். அவர் வெட்டுவது டீக்கடைப் பத்திரிகையை!

"வாத்தியாரே, கத்தரிய உள்ள வையிங்க. இன்னும் நாலு பேரு படிக்கணும்ல" என்று கடைக்காரர் கத்துவார்.

"படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறாங்க? செப்டம்பர்ல ஒரு நா நம்மளத் தெய்வம்னு போடுறான். மறுநாளே, வாத்தியார் தூங்குனாரு, லேட்டா வந்தாருங்கிறான். நடுவுல மனுசன்னு ஒரு நாளாச்சும் போட்டானா?"

ஏலக்காய் எடுக்கும் பருவத்தில் எங்கள் வகுப்பு பாதி காலியாகிவிடும். பெரிய பிள்ளைகளைத் தாய்மார்கள் கூடமாட வேலைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். கட்டிங் வாத்தியார் நேராகத் தோட்டத்துக்கே போய்விடுவார்.

"ஆத்தா, பிள்ளைய அனுப்பிவிடு. அது எடுக்க வேண்டிய காய நான் எடுத்துத் தர்றேன்."

முதல் மணி முடியும்வரை குனிந்து காய் எடுப்பார். அதற்குள் பிள்ளைகள் என்னிடம் வந்து சேர்ந்துவிடும். இதையாவது நல்ல செய்தியாகப் போடட்டும் என்று ஒரு நிருபருக்கு அவரே போன் செய்தார். "தம்பி, வெரசா வாங்க."

நிருபர் வந்தார். ரோட்டில் நின்றபடியே செல்போனில் படம் எடுத்தார். இவரும் இடுப்பில் கூடையோடு பல் தெரியச் சிரித்துக் கொடுத்தார். அதற்குள் கீழே போகும் ஜீப் ஹாரன் அடித்துவிட்டது. ஒரு கேள்வி கேட்காமல் நிருபர் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் செய்தி: 'பள்ளி நேரத்தில் ஏலக்காய் பறிக்கும் ஆசிரியர்! மாணவர்கள் தவிப்பு!' தவிப்பு உண்மைதான். அந்த நேரத்தில் நான் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன்.

அன்று டீக்கடையில் அவர் கத்தரியை எடுக்கவில்லை. "என்ன வாத்தியாரே, இன்னைக்கு வெட்டலையா?" என்று கடைக்காரரே கேட்டுவிட்டார். அவரை வேறு ஊருக்குத் தூக்கியடித்துவிடுவார்கள் என்று எனக்கே பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் விசாரணைக்கு அதிகாரி மலையேறி வந்தார். தோட்டத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளி வாசலில் கூடிவிட்டார்கள்.

"இவர் காய் பறிச்சது உண்மையா?" என்றார் அதிகாரி.

"நெசந்தான் சார்" என்றாள் முன்னால் நின்றவள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஆனா இவருக்குப் பறிக்கவே தெரியாது. பிஞ்சையெல்லாம் சேத்துப் பிச்சுருவாரு. அதுக்குக் கங்காணிகிட்ட நாங்கதேன் ஏச்சு வாங்குறோம். வாங்குனா வாங்கிட்டுப் போறோம். எங்க பிள்ளைகள இவரு மாதிரி யாரு சார் வந்து கேக்குறா? இவர மட்டும் மாத்திப்புடாதீங்க."

அதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல் விசாரணைக் கோப்பை மூடினார். எதற்கும் வாய் ஓயாத கட்டிங் வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். பிறகு அவளிடம், "பிஞ்சு எதுன்னு காட்டிக்குடு ஆத்தா. நாளைக்குப் பாத்து எடுக்கேன்" என்றார்.

இது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஆகவே நானே எழுதிவிடுகிறேன்: அந்த மனுஷனோடு ஏழு வருஷம் வேலை பார்த்தேன், எனக்கு அதில் இன்றைக்கும் கர்வம்தான்.