ஸ்டேஷனில் நின்ற எஞ்சின்

எஞ்சின் மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மேஜைமேல் இருந்த பொம்மை ஸ்டேஷனுக்கு நேராக, முன்விளக்கும் அணைந்து, அசையாமல்.

"சனியனே, இன்னும் ரெண்டடி போனா குறைஞ்சா போயிடுவே?" என்றார் எலக்ட்ரீஷியன்.

தெருவில் அவருக்குப் பெயர் பியூஸ்காரர். மிக்ஸியோ மோட்டாரோ, எது மக்கர் பண்ணினாலும் "கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். இன்று கூப்பிட்டது வாத்தியாரம்மா.

"மாடியில ஐயாவோட ரயில் இருக்கு தம்பி. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

சுவிட்சைப் போட்டுவிட்டு, சமையலை முடித்து வருவதாகச் சொல்லிக் கீழே போய்விட்டார்.

வாத்தியார் போய் மூன்று மாதம். தினமும் தெருமுனையில் அவரோடு டீ குடித்தவர் பியூஸ்காரர். ஆனால் சாவுக்குப் போகவில்லை. அந்த முகத்தை அப்படிப் பார்க்கத் தைரியமில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து இந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார். இந்த ரயிலையாவது ஓட வைத்துவிட்டால் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்க்கலாம்.

முதலில் சக்கரங்களைத் துடைத்தார். அதே இடத்தில் நின்றது. எஞ்சினின் வயிற்றைத் திறந்தார். மோட்டாருக்குள்ளிருந்து மிளகு அளவு ஸ்பிரிங் ஒன்று துள்ளிக் குதித்து அலமாரிக்கு அடியில் போனது. அரைமணி நேரம் தரையில் தவழ்ந்து, ஒட்டடையோடு மீட்டு வந்தார். அவசரத்தில் ஒயர்களை இடம் மாற்றிப் பற்றவைத்துவிட்டார். எஞ்சின் இப்போது பின்பக்கமாக ஓடியது. பின்பக்கமாக ஓடியும் ஸ்டேஷனில்தான் நின்றது.

"உனக்கு அப்படியென்ன பிடிவாதம்?"

மீட்டரை வைத்துப் பார்த்தார். ஸ்டேஷனுக்கு முன்னும் பின்னும் தண்டவாளம் மெலிதாக வெட்டுப்பட்டிருந்தது. நடுவில் கரண்டே இல்லை.

"அப்படி வா வழிக்கு!"

இரண்டு வெட்டையும் ஒயர் வைத்து இணைத்தார். வேகத்தை முழுதாகத் திருகினார். எஞ்சின் ஸ்டேஷனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னோக்கிப் பாய்ந்து, வளைவில் தடம் புரண்டு, மேஜையிலிருந்து விழுந்தது. புகைபோக்கி தனியாக உருண்டது.

சத்தம் கேட்டு வாத்தியாரம்மா மேலே வந்தார். எஞ்சினை எடுத்து முந்தானையால் துடைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பியூஸ்காரருக்கு.

"தண்டவாளம் ரெண்டு இடத்துல வெட்டுப்பட்டிருந்துச்சும்மா. அதைத்தான் சேர்த்தேன்..."

"அவர்தான் வெட்டினார் தம்பி. ஸ்டேஷன் வந்தா ரயில் நிக்க வேணாமா? மேஜைக்கு அடியில ஒரு சுவிட்ச் இருக்கு. அதைத் தட்டினா கிளம்பிடும்."

பியூஸ்காரர் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். சுவிட்ச் இருந்தது.

"அப்போ ரிப்பேரே இல்லையா? பாருங்கன்னு சொன்னீங்களேம்மா?"

"பாக்கத்தான் தம்பி சொன்னேன். அவர் போனதுக்கப்புறம் இதை உக்காந்து பாக்க ஒருத்தரும் வரல."