அடிமண் குமாரதாஸ்

மேலே இருக்கும் எதையும் நம்பாத மனித இனம் ஒன்று உண்டு. எந்த ஊரிலும் நாலு பேராவது தேறுவார்கள். கருங்கல் சந்தையில் கூடையின் மேல் பளபளவென்று கிடக்கும் கத்தரிக்காயை ஒதுக்கிவிட்டு, முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவி, நசுங்கிப்போன நாலு காயை வெற்றியோடு வெளியே எடுப்பவர். கடியப்பட்டணத்து மீன்காரியிடம் அடியில் என்ன ஒளித்து வைத்திருக்கிறாய் என்று மிரட்டி, நேற்றைய சாளையை இன்றைய விலைக்கு வாங்கி வருபவர். கல்யாண வீட்டில் குழம்பை அடிவரை கலக்கச் சொல்லி, பரிமாறுகிறவனின் சாபத்தை வாங்கிக்கொள்பவர். வியாபாரிகளுக்கு இவர்கள் என்றால் உயிர்.

இந்த இனத்தின் திலகம் தக்கலைக்குப் பக்கத்தில் இருந்த குமாரதாஸ். அவர் காயோடும் மீனோடும் நின்றிருந்தால் அவர் மனைவி ராகேல் வாய் திறந்திருக்க மாட்டாள். கொல்லம் ஆயிரத்து நூற்றாறாம் ஆண்டு, கன்னிப்பூ என்னும் முதல் போகத்தின் அறுவடை முடிந்த கையோடு, அவர் மண்வெட்டியுடன் வயலில் இறங்கினார். வயல் ராகேலுக்கு அவள் அப்பா கொடுத்தது. வீட்டின் சோறு முழுவதும் அதில்தான் விளைந்தது.

"என்னத்தத் தோண்டுதிய?" என்று ஓடி வந்தாள் ராகேல்.

"சத்தத் தேடுதேன். வருசாவருசம் நீ போட்ட சாணமும் குழையும் எங்க போச்சு? தண்ணியோட அடியில எறங்கியிருக்கும்லா? நாம மேல கெடக்க சக்கையில நட்டுட்டு இருக்கோம்."

"சத்து மேலதான் கெடக்கு. நெல்லு வேரு ஒரு சாணுக்குக் கீழ போவாது. உள்ளதப் பொதைச்சிராதிய!"

"ஏட்டி, ஒனக்கு மண்ணப் பத்தி என்ன தெரியும்?"

இருபது வருடம் தன் தலையில் சுமந்து கொட்டிய உரம் எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் யார் கேட்டார்கள்! இடுப்பளவு தோண்டி, கறுத்த மேல்மண்ணைக் குழிக்குள் தள்ளி, அடியில் கிடந்த மஞ்சள் களியை மேலே பரப்பி, வரப்பில் நின்று மீசையைத் தடவிக்கொண்டார் குமாரதாஸ். நட்ட ஒரு மாதத்தில் பயிர் களியின் நிறத்துக்கே வந்தது. தண்ணீரைத் தாங்கி நின்ற கெட்டித் தரையையும் உடைத்துவிட்டாரே, பாய்ச்சிய தண்ணீர் மறுநாளே வற்றிப் போயிற்று. அடுத்த போகமான கும்பப்பூவில் கிடைத்தது வைக்கோல் மட்டும். அதையும் மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

ராகேல் வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் தான் நட்டிருந்த மரச்சீனிக் கிழங்கைப் பிடுங்கி அவித்தாள். அடுத்த அறுவடை வரை காலையும் இரவும் அதுதான் சாப்பாடு.

குமாரதாஸ் கிழங்கை மீன்குழம்பில் தோய்த்து வாயில் போட்டார். முகம் மலர்ந்தது.

"பாத்தியா ஏட்டி? மண்ணுக்கு அடியில கெடந்ததுதான் கடைசியில நம்மளக் காப்பாத்திச்சு. நான் அன்னைக்கே சொன்னேம்லா?"

ராகேல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டுபோய்த் தன் தம்பி வீட்டில் போட்டுவிட்டு வந்தாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் விஷயம் எப்போதும் கடைசியில்தான் இருக்கும் என்று, மேலே உள்ளதையெல்லாம் தாண்டி நேராக இந்த வரிக்கு வந்தவரா நீங்கள்? அப்படியானால் உங்கள் வீட்டு மண்வெட்டி இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இருக்காது.