சுவா கிம் லெங் போட்ட நாற்காலிகள்

முதல் காற்றுக்கே பாதித் தாள்கள் பறந்துவிட்டன.

"பிடி, பிடி! அந்தத் தூணுக்குப் பின்னால ஒண்ணு போகுது பாரு!" என்று கத்திக்கொண்டே சுவா கிம் லெங் அடுக்குமாடிப் புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் ஓடினார். முப்பது வருஷத்துக்கு மேல் பேருந்து ஓட்டிய இடுப்பு அவருக்கு. குனிந்தால் நிமிர யோசிக்கும். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் 'இன்று நம் புளோக் விருந்து, அண்டை வீட்டாரை அறிவோம்' என்று அச்சடித்த தாளை வைத்திருந்தார். அதெல்லாம் இப்போது கார் நிறுத்தும் இடத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

துப்புரவு வேலை பார்க்கும் ஷஹின் கையில் கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

"மேல கனமா எதையாச்சும் வெச்சாதான் நிக்கும் அங்கிள்."

"கல்லைத் தூக்கியா வைக்கச் சொல்ற? ஜனங்க உக்கார்ற இடம்யா!"

அப்போதுதான் மூலையில் இருந்த பெட்டி கண்ணில் பட்டது. விருந்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நகர மன்றம் அனுப்பிய அன்பளிப்பு: டிஷ்யூ பொட்டலங்கள். எப்படியும் கொடுக்கப்போவதுதானே என்று தாளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனார். அதற்குப் பிறகு ஒரு தாளும் அசையவில்லை. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

இந்த விருந்தை அவர் விளையாட்டுக்கு ஏற்பாடு செய்யவில்லை.

எதிர்வீட்டு டொமினிக் டி சோசா இறந்துபோய் ஒரு வாரம் கழித்துத்தான் புளோக்குக்கே தெரிந்தது. அதுவும் போலீஸ் வந்து கதவை உடைத்த பிறகு. அந்த வாரம் முழுக்க அவரைத் தேடாதவர்களில் கிம் லெங்கும் ஒருத்தர். தினமும் காலையில் இரண்டு பேரும் காப்பிக்கடைக்குப் போவார்கள். கிம் லெங் முன்னால் போய் எதிர் நாற்காலியில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்து நண்பருக்கு இடம் பிடிப்பார். டொமினிக் முட்டிவலியோடு ஆடி அசைந்து வருகிற வரைக்கும், கடையில் எத்தனை பேர் தட்டோடு நின்றாலும், அந்த நாற்காலியில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். இந்த ஊர் மரியாதை அப்படி. அந்த வாரம் நாற்காலி காலியாகவே கிடந்தது. மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று கிம் லெங் நினைத்துக்கொண்டார். ஒரு தட்டு, கதவில் ஒரே ஒரு தட்டு தட்டியிருக்கலாம். அந்த நினைப்பு அவரைச் சோறு தின்ன விடவில்லை.

இந்த நேரம் பார்த்து நகர மன்றம், கீழ்த்தளத்தில் இருந்த கல்மேசைகளை எடுத்துவிட்டுச் சைக்கிள் நிறுத்துமிடம் கட்டப்போவதாக அறிவித்தது.

"யாருமே உக்கார்றதில்லையே அங்கிள்," என்றாள் அதிகாரி ஹயாத்தி.

"மேசையையும் எடுத்துட்டா அப்புறம் எங்கம்மா உக்காருவாங்க? அடுத்தவன் செத்தாலும் இப்படித்தான் ஆகும்."

"சரி, ஞாயித்துக்கிழமை ஒரு விருந்து வைங்க. அம்பது பேர் வந்து ஒண்ணா நின்னு பேசினா, மேசை இருந்த இடத்துலயே இருக்கும். நானே வந்து பாக்கறேன்."

வீட்டுக்கு ஒரு பண்டம் கொண்டுவரச் சொல்லி லிப்டில் ஒட்டியாயிற்று. நாற்காலியும் போட்டாயிற்று. விருந்து தொடங்கும் நேரத்துக்கு ஒரு கணவனும் மனைவியும் சட்டியோடு லிப்டிலிருந்து இறங்கினார்கள். நாற்காலிகளைப் பார்த்தார்கள். தங்களுக்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்துபோனார்கள்.

"ஏன்டா போறாங்க?"

"இடம் பத்தாதுன்னு நினைச்சிருப்பாங்களோ?" என்றான் ஷஹின்.

மக்கள் மன்றத்துக் கிடங்கிலிருந்து இன்னும் இரண்டு வரிசை நாற்காலிகளை இழுத்துவந்து போட்டார்கள். அவற்றிலும் மறக்காமல் தாள், தாளின் மேல் பொட்டலம். அடுத்து ஒரு குடும்பம் வந்தது. வேகமாக வந்தவர்கள் நாற்காலிகளைப் பார்த்ததும் முகம் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள். கல்மேசைகளைச் சுற்றியாவது கூச்சமில்லாமல் உட்காருவார்களோ என்று, அங்கிருந்த கல் இருக்கைகளிலும் தாளும் பொட்டலமும் வைத்தார் கிம் லெங்.

அதன் பிறகு ஈ காக்காய் இல்லை.

"இப்படியே நின்னா வேலைக்கு ஆகாது. நானே போய்க் கூப்பிடறேன்," என்று லிப்டில் ஏறினார். மாடி மாடியாக இறங்கிக் கதவுகளைத் தட்டினார். இன்றைக்கென்று பார்த்து ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது, ஆனால் ஆள் அரவமே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியாகத் தன் மாடிக்கு வந்தார். டொமினிக் வீட்டுப் பூட்டிய கதவின் முன்னால் நின்றார். அதையும் ஒரு தட்டு தட்டினார்.

"மன்னிச்சுடுப்பா," என்றார். "உனக்குன்னு ஒரு வாய்க் காப்பி குடிக்கக்கூட இந்தப் புளோக்குல ஆளைச் சேக்க முடியல என்னால."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே வந்தபோது ஷஹின் தயங்கித் தயங்கி எதிரே வந்தான்.

"அந்த மேடம் வந்தாங்க அங்கிள். நாற்காலியெல்லாம் பாத்தாங்க. ஒரு மாதிரி சிரிச்சாங்க. போயிட்டாங்க."

முடிந்தது. இனி சைக்கிள்தான் உட்காரும். கிம் லெங் மிச்சமிருந்த தாள்களை அள்ளிக்கொண்டு புளோக்கின் பின்பக்கம் இருக்கும் பெரிய குப்பைத் தொட்டியை நோக்கி நடந்தார்.

திருப்பம் வந்ததும் நின்றுவிட்டார்.

பின்பக்கப் புல்வெளி முழுக்கத் தலைகள். சட்டியோடு வந்த கணவனும் மனைவியும், முகம் சுளித்த குடும்பமும், அவர் தட்டிய கதவுகளுக்குச் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். தரையில் பாய் விரித்து நாசி லெமாக், பொரித்த மீஹூன், வடை எல்லாவற்றையும் பரப்பியிருந்தார்கள். ஒருத்தர் பேச்சில் ஒருத்தர் குறுக்கே விழுந்து பேசிக்கொண்டிருந்தார்கள். லிப்டில் தலையைக்கூட ஆட்டாத இரண்டு பேர் இப்போது தோளில் கை போட்டுக்கொண்டு எதையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஹயாத்தி, ஒரு கையில் பாதி கடித்த கறிபாப், இன்னொரு கையால் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

கிம் லெங்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பன்னிரண்டாவது மாடியிலிருந்து இறங்கியே பழக்கமில்லாத ரொக்கியா பாட்டி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து அவர் கையில் ஒரு தட்டைத் திணித்தார்.

"வா தம்பி, நீயும் எங்க கூட நில்லு! எவனோ ஒரு வெக்கங்கெட்டவன், ஒரு நாற்காலி விடாம டிஷ்யூ வெச்சு இடம் பிடிச்சுட்டு எங்கயோ போயிட்டான். அவன் மூஞ்சியப் பாக்காம இந்தப் புளோக்குல ஒருத்தரும் வீட்டுக்குப் போறதா இல்ல!"