காய்ச்சல் விட்ட ஐந்தாம் நாள்

ஐந்தாம் நாள் காலையில் தங்கப்பாண்டிக்கு டெங்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ரேணுகாதேவிக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

கோவில்பட்டியில் இருபது படுக்கை கொண்ட அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், ரத்தம் பரிசோதிக்கும் வேலை அவளுக்குப் பதினோரு வருடப் பழக்கம். டெங்குவில் யாருக்கு நோய் முற்றும், யார் பிழைத்து எழுந்து நடப்பார் என்பதை முகத்தைவிட ரத்தம் ஒரு நாள் முன்னதாகவே சொல்லிவிடும். அதற்குப் பெரிய பரிசோதனை எதுவும் வேண்டாம். தினமும் எடுக்கிற சாதாரண ரத்த எண்ணிக்கை போதும்; நேற்றைய சீட்டையும் இன்றைய சீட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். டாக்டர் ஹரிஹரசுதனே, "ரேணுகாம்மா முகம் சுளிச்சா, நான் சலைன் பாட்டிலை மாட்டிருவேன்" என்பார்.

இன்று ரேணுகாம்மா முகம் சுளித்திருந்தாள்.

தங்கப்பாண்டியின் ரத்தம் எவ்வளவு கெட்டி என்று காட்டும் பி.சி.வி. நேற்று நாற்பது, இன்று நாற்பத்தெட்டு. பிளேட்லெட் ஒன்றரை லட்சத்திலிருந்து எண்பதாயிரத்துக்குச் சரிந்திருந்தது. ரத்தக் குழாய்க்குள் நிற்க வேண்டிய நீர் வெளியே கசிகிறது என்று அர்த்தம். இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினாள்.

அங்கே தங்கப்பாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க அண்ணாச்சி?"

"ஊருக்குத்தான் தாயி. காய்ச்சல்தான் விட்டுருச்சே! மக்காச்சோளத்துக்கு மேலுரம் போடணும். ஈரம் காஞ்சிட்டுன்னா வெள்ளாமை போச்சு."

"காய்ச்சல் விட்ட பொறகுதான் இந்த நோய் வேலையைக் காட்டும். ரெண்டு நாள் தாண்டணும் அண்ணாச்சி."

"நல்லா இருக்கே! காய்ச்சல் அடிச்சாலும் படுக்கச் சொல்லுதீங்க, விட்டாலும் படுக்கச் சொல்லுதீங்க. அப்ப மனுசன் எப்பத்தான் எந்திரிக்கது?"

எளிமையாகச் சொன்னால் புரியும் என்று நினைத்தாள் ரேணுகாதேவி. "அடுப்புல வச்ச கொழம்பு சுண்டுதுல்லா? அது மாதிரி ஒங்க ரத்தம் தண்ணி வத்திக் கெட்டியாயிட்டு வருது."

தங்கப்பாண்டியின் முகம் மலர்ந்தது. "ஏட்டி செண்பகம், கேட்டியா? ரத்தம் கெட்டியா இருக்காம்! கம்மங்கூழ் குடிச்ச ஒடம்புல்லா!"

மனைவி செண்பகவல்லி வெட்கத்தோடு சிரித்தாள். "அவியளுக்குச் சின்ன வயசுலேயிருந்தே அப்படித்தாம்மா."

சரி, எண்ணைச் சொல்லிப் பயமுறுத்துவோம் என்று இரண்டு சீட்டையும் அவர் கையில் திணித்தாள். "ஒரே நாள்ல பிளேட்லெட் பாதியாயிருச்சி. எண்பதாயிரம்!"

வார்டில் அதைச் சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்துக் கட்டிலில், குளித்து முடித்து விபூதி பூசி வீட்டுக்குக் கிளம்பத் தயாராக இருந்த பெருமாள்சாமி திரும்பினார்.

"எனக்கு அறுபதாயிரம்தானே? என்னைய வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாவளே!"

தங்கப்பாண்டி இடுப்பில் கை வைத்தார். "பாத்தியளா! அறுபதாயிரம் வீட்டுக்குப் போகுது. எண்பதாயிரம் கட்டில்ல கெடக்கணுமாம். இது எந்த ஊரு நியாயம்?"

"அவிய முப்பதுலயிருந்து ஏறி அறுபதுக்கு வந்திருக்காவ. நீங்க ஒன்றரை லட்சத்துலயிருந்து எறங்கிட்டு இருக்கீங்க. எங்க நிக்கோம்ங்கது முக்கியமில்லை அண்ணாச்சி. எந்தப் பக்கமாப் போறோம்ங்கதுதான் முக்கியம்."

"நான் புதூர் பக்கமாப் போறேன் தாயி. பஸ்ஸு பதினோரு மணிக்கு."

பெருமாள்சாமிக்கு இரக்கம் சுரந்தது. "எறங்குதுன்னா பப்பாளி எலைச் சாறைக் குடியும் ஓய். சர்ருன்னு லட்சத்துக்கு ஏறிரும்" என்று தன் பிளாஸ்க்கை நீட்டினார். ரேணுகாதேவி தடுப்பதற்குள் தங்கப்பாண்டி அதைக் கவிழ்த்துவிட்டார். அடுத்த நிமிடமே ஜன்னலோரம் ஓடி இரண்டு முறை வாந்தி எடுத்தார்.

ரேணுகாதேவி ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டாள். வாந்தியும் சேர்ந்துகொண்டால் அது இன்னொரு எச்சரிக்கை.

தங்கப்பாண்டியோ துண்டால் வாயைத் துடைத்தபடி, "பித்தம் பூரா வெளிய வந்துட்டு. இப்பத்தான் ஒடம்பு காத்து மாதிரி இருக்கு" என்றார்.

கடைசி ஆயுதமாக டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உறுமினார். "போறதுன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. உயிருக்கு நான் பொறுப்பில்லை!"

செண்பகவல்லி நடுங்கிப்போனாள். அப்பாடா, பயம் வேலை செய்கிறது என்று ரேணுகாதேவி மூச்சு விட்டாள். வேலை செய்யத்தான் செய்தது.

"என்னங்க, டாக்டரே உயிரு கியிருன்னு சொல்லுதாவ. போற வழியில குறி சொல்லுத கோடாங்கி சுடலைக்குமார்கிட்ட வாக்குக் கேட்டுருவோம். அவரு இருன்னா இருப்போம், போன்னா போவோம்!"

ஐந்து நிமிடத்தில் அவர்கள் ஆட்டோவில் ஏறிவிட்டார்கள்.

ரேணுகாதேவி வாசலில் நின்று கணக்குப் போட்டாள். உடுக்கு அடித்து, கயிறு கட்டி, வேப்பிலையால் தடவி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் அந்த ரத்தம் இன்னும் எவ்வளவு சுண்டுமோ?

"டாக்டர், நான் போயிட்டு வாரேன்."

"எங்கம்மா?"

"கோடாங்கிகிட்ட."

டாக்டர் கையிலிருந்த கண்ணாடி கீழே விழுந்தது. "நீங்களுமா?"

எட்டயபுரம் சாலையில் ஸ்கூட்டர் பறந்தது. கோடாங்கி வீட்டுக்குத் திரும்பும் மண்பாதை வந்ததும், முந்தின நாள் பெய்த மழையில் ஊறியிருந்த கரிசல் அதைப் பிடித்துக்கொண்டது. மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரம் சுற்ற மறுத்தது. புத்திசாலித்தனமாகத் தார் ரோட்டிலேயே நின்றுகொண்ட ஆட்டோக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார். ஸ்கூட்டரை வேலிக்கருவையில் சாய்த்துவிட்டு நடந்தாள். பத்தடிக்கு ஓர் அங்குலம் செருப்பில் மண் ஏறியது. கோடாங்கி வீட்டு வாசலை அடைந்தபோது அரை அடி உயர்ந்திருந்தாள்.

மானம்தான் தாழ்ந்திருந்தது. பதினோரு வருடம் எண்களையே நம்பியவள், 'ஐயா, எனக்காக ஒரே ஒரு வாக்கை மாத்திச் சொல்லுங்க' என்று கெஞ்சப் போகிறாள். வெட்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பி.சி.வி. காத்திருக்காது.

உள்ளே உடுக்குச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. தங்கப்பாண்டியும் செண்பகவல்லியும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ரேணுகாதேவி வாயைத் திறக்குமுன், கோடாங்கி கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது.

"ஏலே தங்கப்பாண்டி! காய்ச்சல் போயிட்டுன்னா நெனைக்க? போகலைலே, பதுங்கியிருக்கு! ஒன் ரத்தத்துல தண்ணி வத்துது. கெட்டியாகுது. அது பலமில்லலே, ஆபத்து! இன்னைக்கும் நாளைக்கும் தாண்டணும். கயிறும் வேண்டாம், காணிக்கையும் வேண்டாம். இப்பமே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போயி, பாட்டில் மருந்து ஏத்திக்கிட்டுப் படு!"

கெஞ்சுவதற்காகக் கூப்பிய கையை ரேணுகாதேவி கீழே இறக்கினாள்.

தங்கப்பாண்டி கும்பிட்டபடியே எழுந்தார். "சாமி... அப்ப மேலுரம்?"

"ஈரத்தை நான் பாத்துக்கிடுதேன். நீ போலே!"

செண்பகவல்லி கணவனைத் தோளில் சாய்த்து ஆட்டோவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரேணுகாதேவி டாக்டருக்குப் போன் போட்டு, "படுக்கையைத் தயாரா வைங்க, வாராவ" என்று மட்டும் சொன்னாள். எப்படி என்று அவர் கேட்பதற்குள் போனை வைத்தாள்.

நாடி பிடிக்கவில்லை, நாக்கைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் சீட்டை வைத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்ததை, ஓர் உடுக்கை வைத்துக்கொண்டு இந்த மனிதர் அப்படியே புட்டுப் புட்டு வைத்துவிட்டாரே! ஆஸ்பத்திரியில் ரத்தம் எண்ணும் மெஷினுக்குப் பக்கத்தில் ஓர் உடுக்கும் வாங்கி வைக்கச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

கோடாங்கியின் மனைவி காலைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தாள். "வாங்கம்மா, வாங்க. என்னைத் தெரியலையா? போன ஐப்பசியில எம்மவளை நீங்கதான் பொழைக்க வச்சீங்க. ஒங்களைப் பத்திப் பேசாத நாள் கெடையாது."

ரேணுகாதேவிக்கு ஞாபகம் வரவில்லை. ஐப்பசியில் எத்தனையோ பேர். அவள் மனம் வேறெங்கோ இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கேன். அவரு ரத்தம் கெட்டியாகுதுன்னு சாமிக்கு எப்படிக்கா தெரிஞ்சிது?"

"நல்லாக் கேட்டீங்க! எங்க வீட்டுக்காரருக்கு அந்த நம்பரெல்லாம் நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? அன்னையிலயிருந்து காய்ச்சல்னு யாரு வந்தாலும், அவிய கொண்டுவார ஒங்க சீட்டைக் கண்ணாடி மாட்டி ரெண்டு தடவை படிச்ச பொறகுதாம்மா எங்க சாமி எறங்குது!"